தங்க மீன்களும் முதல் குடமும்

நம் வயதுக்காரர்களில் எத்தனை பேருக்கு அந்தக் குழாய் முதன்முதலில் இருமிய சத்தம் நினைவிருக்கும் என்று தெரியவில்லை. மாரிகுப்பத்தில், தங்கச் சுரங்கத் தொழிலாளர் வீட்டு வரிசையான எங்கள் லைன் முடியும் இடத்தில் இடுப்பளவு உயரத்துக்கு ஓர் இரும்புத் தூணை நட்டு, அதில் பித்தளை வாய் ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். காலையில் திருகினால் முதலில் காற்றுதான் வரும். சளி பிடித்த ஆள் தொண்டையைச் செருமுவது போல இரண்டு மூன்று முறை இருமும். அதன் பிறகு தண்ணீர் வெள்ளையாய்ப் பொங்கி விழும். அந்த வெள்ளை, குடத்துக்குள் சற்று நேரத்தில் அடங்கித் தெளிந்துவிடும். பேத்தமங்கலம் ஏரித் தண்ணீர் மண்ணுக்கடியில் ஊர்ந்து எங்கள் வாசலுக்கே வந்துவிட்டது என்பதை நம்ப முடியாமல், பிள்ளைகள் நாங்கள் தூணில் காதை வைத்துக் கேட்போம்.

இது எந்த ஆண்டு என்பதில் என் சித்தப்பா மகனும் நானும் இதுவரை ஒத்துப்போனதில்லை. சுரங்கத்துக்கு மின்சாரம் வந்த அதே ஆண்டு என்பது அவன் வாதம். மின்சாரம் வந்தபோது நான் பள்ளியில் மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தேன். குழாய் வந்தபோது சிலேட்டுக்கு வந்துவிட்டேன். ஆகவே நடுவில் இரண்டு வகுப்பாவது கழிந்திருக்க வேண்டும் என்பது என் கணக்கு. மாதத்தைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. அது பங்குனி. ஈஸ்டருக்கு முந்தைய நோன்பான லெந்து நாட்கள் நடந்துகொண்டிருந்தன. வெள்ளிக்கிழமை மாலைதோறும் உபதேசியார் லைனுக்கு வந்து ஜெபம் நடத்தினார்.

எங்களுடையது மூங்கில் தட்டி வீடு. ஒரு வீட்டில் கடுகு தாளித்தால் நான்காவது வீட்டில் தும்முவார்கள். பொன்தாதுக் கல்லை இடிக்கும் ஆலையின் சத்தம் இரவும் பகலும் தட்டியை அதிரவைத்துக்கொண்டே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை அது நின்றால் குழந்தைகள் விழித்துக்கொண்டு அழும். அம்மா நான் பிறந்த இரண்டாம் ஆண்டே போய்விட்டாள். அப்பா சுரங்கக் குழியான ஷாஃப்டில் மரமுட்டுக் கொடுக்கும் வேலையில் இருந்தார். என்னை வளர்த்தது அத்தை, அப்பாவின் தங்கை. கணவர் இறந்த பிறகு குடியாத்தத்துக்குப் பக்கத்தில் கொழுந்தன்மார் வீட்டில் சில காலம் இருந்தாள். அங்கே எப்படி இருந்தாள் என்று அவள் சொன்னதில்லை. அந்த ஊர்ப் பெயரை யாராவது எடுத்தால் அவள் கையிலிருக்கும் வேலை ஒரு கணம் நிற்கும்; அவ்வளவுதான்.

அத்தை கேப்டன் துரையின் பங்களாவில் வீட்டு வேலை பார்த்தாள். கப்பல் கேப்டன் அல்ல. சுரங்கத்தில் மேற்பார்வை பார்ப்பவரை நம் ஊரில் அப்படித்தான் அழைத்தோம். துரைசானி பெங்களூரிலிருந்து ஒரு கண்ணாடித் தொட்டி வரவழைத்திருந்தார். இரும்புச் சட்டத்தில் நான்கு பக்கமும் கண்ணாடி பதித்தது. அடியில் கூழாங்கல், ஒரு பெரிய சங்கு, நடுவே ஆறு தங்க மீன்கள். வராந்தாவில் காலை வெயில் அந்தத் தொட்டிக்குள் புகுந்து வெளிவரும்போது, எதிர்ச் சுவரில் மீன்களின் நிழலும் ஒளியும் சேர்ந்து நடுங்கும். நான் சுவரைப் பார்ப்பதா தொட்டியைப் பார்ப்பதா என்று திணறுவேன். எங்கள் லைன் பெண்கள் இதைக் கேள்விப்பட்டுச் சிரித்தார்கள்.

"தொரை மண்ணுக்குள்ள தங்கம் தோண்டுறான், தொரைசானி தண்ணிக்குள்ள தங்கம் வளக்குறா. நம்ப கைக்கு இன்னா மே வருது?"

"மண்ணும் தண்ணியும் வருதில்ல? கொழைச்சி செவுத்துல பூசு!"

மீன்களுக்குத் தண்ணீர் மாற்றுவது அத்தையின் பொறுப்பு. பங்களாக் கிணற்றிலிருந்து இறைத்து மாற்றியவரை நான்கு மாதம் ஒரு குறையும் இல்லை. குழாய் வந்ததும் டாக்டர் உத்தரவுப்படி பங்களாக் கிணற்றைப் பலகை போட்டு மூடினார்கள். முதல் சனிக்கிழமை அத்தை குழாய்த் தண்ணீரால் தொட்டியை நிரப்பினாள். ஞாயிறு ஆராதனை முடிந்து போய்ப் பார்த்தால் மூன்று மீன் மல்லாந்து மிதந்தன. விளக்கு வைப்பதற்குள் மற்ற மூன்றும் போயின. அடுத்த வாரம் பக்கத்துப் பங்களாக்காரர் இரங்கி இரண்டு மீன் கொடுத்தார். அவையும் மறுநாளே செத்தன.

திங்கட்கிழமை காலை பட்லர் எங்கள் லைனுக்கே நடந்து வந்தார். துரைசானியின் வார்த்தையைத் தமிழில் சொல்வது அவர் வேலை. அதில் தன் வார்த்தையையும் கலந்துவிடுவது அவர் வழக்கம்.

"இந்தாம்மே. சனிக்கெழம ரயில்ல இன்னும் நாலு மீனு வருது. அதுவும் செத்துதுன்னா நீ மூட்டையக் கட்டிக்கினு ஊருக்குப் போயிடலாமாம். தொரைசானி சொன்னாங்க."

"நான் இன்னா தண்ணியில பல்லியா வுட்டேன்?"

"அது இன்னாவோ. தாலியறுத்த கையால தண்ணி ஊத்துனா அப்பிடித்தான்."

"இது தொரைசானி சொன்னதா, நீங்க சொல்றதா?"

பட்லர் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு போனார்.

அன்று மாலை ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பொன்னைப் பிரிக்க ஆலையில் கலக்கும் சயனைடு எப்படியோ குழாய்க்குள் இறங்கிவிட்டது என்றார் உபதேசியார். லைனில் பலருக்கும் அந்தப் பயம் இருந்தது. "தொரைங்களே அதத்தான் குடிக்கிறாங்க, அவங்க சாவலியே" என்றார் அப்பா. ஷிஃப்ட் முடிந்து வந்த அலுப்பில் சுரங்க இருட்டுக்காகத் தொப்பி மீது மெழுகுவத்தி ஒட்டிய களிமண்ணைக்கூடச் சுரண்டாமல் உட்கார்ந்திருந்தார். "மீனுக்காக ஊட்ட வுட்டுப் போறதா? வேற பங்களா பாத்துக்கலாம்." துரைசானி சான்றுக் கடிதம் கொடுக்காமல் அனுப்பினால் வேறு எந்தப் பங்களாவும் சேர்க்காது என்பது அவருக்குத் தெரியும். அத்தைக்கும் தெரியும். அப்பாவின் கூலியில் மூன்று வயிறு நிறையாது; மிச்சமிருந்தது கொழுந்தன்மார் வீடுதான்.

என் பயம் வேறு. அத்தை முதன்முதலில் குழாய்த் தண்ணீர் ஊற்றிய சனிக்கிழமை நானும் பங்களாவுக்குப் போயிருந்தேன். யாரும் பார்க்காதபோது மடியிலிருந்த பொரியைத் தொட்டியில் போட்டிருந்தேன். அத்தை ஊருக்குப் போனால் அது என்னால்தான். ஒரு வாரத்துக்கு மேல் விழுங்கிவைத்திருந்ததை அன்று அடுப்படியில் அழுதுகொண்டே சொல்லிவிட்டேன். அடி விழும் என்று எதிர்பார்த்தேன்.

அத்தை என் முகத்தை ஏறிட்டுப் பார்த்தாள். "எத்தினி பொரி?"

"ஒரு கைப்பிடி."

"ஒங் கையா, எங் கையா?"

"எங் கை."

"ரெண்டாந்தரம் செத்தப்போ போட்டியா?"

"இல்ல."

அவள் அடுப்பு விறகை உள்ளே தள்ளினாள். பிறகு, "சரி, அதுக்கும் ஒரு சட்டி வெக்கலாம்" என்றாள்.

இங்கே நான் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். கிணற்றில் விடியற்காலையில் யாரும் வாளி விடுமுன் இறைக்கும் தண்ணீர்தான் நல்ல தண்ணீர். இரவெல்லாம் மண் அடங்கி, கலங்காமல், குளிர்ந்து இருக்கும். அந்த முதல் குடத்தைப் பிள்ளை பெற்ற வீட்டுக்குக் கொடுப்பது எங்கள் லைனின் முறை. தாய்க்குக் கஞ்சியும் பிள்ளைக்குக் குளியலும் அந்தத் தண்ணீரில்தான். லைனில் பாதிப்பேர் இந்துக்கள், பாதிப்பேர் கிறிஸ்தவர்களான நாங்கள். இந்த முறையில் மட்டும் வேற்றுமை கிடையாது. குழாய் வந்தபோது முறையும் கிணற்றடியிலிருந்து குழாயடிக்கு இடம் மாறியது. அப்போது எதிர்வீட்டில் பிள்ளை பிறந்து இருபது நாள் ஆகியிருந்தது. அந்தப் பிள்ளைக்காரியின் குடம்தான் தினமும் வரிசையில் முதலாவதாக நிற்கும்.

அத்தை மீன்களுக்குக் காட்டிய மரியாதையும் இதேதான். பங்களாவில் சமையற்காரன் குழாயைத் திறக்குமுன் விடியலில் போய், முதல் தண்ணீரைப் பிடித்து, மல்துணியில் வடிகட்டித் தொட்டியில் ஊற்றினாள். அந்த மரியாதையின் மீதே அவளுக்குச் சந்தேகம் வந்தது எப்படி என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். அவள் சொன்ன ஒரே காரணம் இது: "வாயில வெச்சிப் பாத்தேன். சாவிய நக்கின மாரி கீது."

செவ்வாய்க்கிழமை மாலை நாங்கள் இருவரும் வற்றிக்கொண்டிருந்த குட்டைக்குப் போய், பழைய புடவையை விரித்து இழுத்தோம். விரல் நீளம்கூட இல்லாத கெண்டைக் குஞ்சுகள். சேறு கணுக்காலைக் கவ்வியது. புடவை மடிப்பில் மீன்கள் துள்ளுவது உள்ளங்கையில் மழை விழுவது போல இருந்தது. அத்தை இருபத்தைந்து எண்ணி எடுத்துக்கொண்டு மற்றவற்றைத் திரும்ப விட்டாள்.

மறுநாள் காலை, வீட்டுக்குப் பின்னால் தட்டி நிழலில் ஐந்து சட்டிகள். ஐந்தையும் ஒரே சாம்பலால் தேய்த்தாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கரித்துண்டால் ஒன்று முதல் ஐந்து வரை புள்ளி வைத்தாள். ஒரு புள்ளிச் சட்டியில் லைனின் பழைய கிணற்றுத் தண்ணீர். அங்கே குடிக்கக் கூடாதென்று கயிற்றை எடுத்துப் போயிருந்தார்கள். அத்தை எங்கள் கயிற்றைக் கொண்டுபோனாள். இரண்டு புள்ளியில் அன்று காலைக் குழாயின் முதல் தண்ணீர். மூன்று புள்ளியில் லைன் முழுவதும் பிடித்து முடித்த பிறகு வந்த தண்ணீர். நான்கு புள்ளியில் முந்தைய நாளே பிடித்து, வாய் மூடாமல் ஒரு பகலும் ஓர் இரவும் வைத்திருந்த முதல் தண்ணீர். ஐந்து புள்ளியில் கிணற்றுத் தண்ணீரோடு பொரி, என் கையால் ஒரு பிடி. சட்டிக்கு ஐந்து மீன்.

முதல் தண்ணீருக்கு எதிர்வீட்டுப் பிள்ளைக்காரியிடம்தான் போய்க் கேட்டாள்.

"எடுத்துக்கோக்கா. அரைக் கொடம் போதுமா? மீனும் புள்ள மாரிதானே" என்று அவள் சிரித்தாள். பிள்ளை அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. தலையில் எண்ணெயும் வசம்பும் மணத்தன.

புதன்கிழமை நண்பகலில் இரண்டாவது சட்டி மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. செவுளில் வெள்ளையாய்ச் சளி கட்டியிருந்தது. விளக்கு வைக்கும்போது ஐந்தும் போய்விட்டன. வியாழன் காலை நான்காவது சட்டியும் அப்படியே. ஒன்றிலும் மூன்றிலும் மீன்கள் சுறுசுறுப்பாய் ஓடின. ஐந்தாவதில் பொரி புளித்து நாற்றமெடுத்தது. மீன்கள் முகம் சுளித்துக்கொண்டாவது உயிரோடு இருந்தன. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

"அழுவாத. பொரியும் இல்ல, சயனைட்டும் இல்ல" என்றாள் அத்தை. "சயனைட்டுன்னா மூணாவதும் செத்திருக்கணுமில்ல?"

உடனே ஓடிப்போய் பங்களாவில் சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை. இரண்டு புள்ளிச் சட்டியையும் மூன்று புள்ளிச் சட்டியையும் கழுவி, தண்ணீரை மட்டும் மாற்றி ஊற்றி, குட்டையில் மறுபடி பிடித்துவந்த புது மீன் விட்டாள். ஏன் என்று கேட்டேன். "சட்டி மேல பழி வந்துடக் கூடாது பாரு" என்றாள். இப்போது மூன்று புள்ளிச் சட்டி மீன்கள் செத்தன. இரண்டு புள்ளி பிழைத்தது.

பிற்காலத்தில் கைக்குக் கிடைத்த அறிவியல் நூல்களையெல்லாம் படித்தேன். புதுக் குழாய்களின் உட்புறத்தில் துத்தநாகம் பூசியிருப்பார்கள். இரவெல்லாம் தேங்கி நிற்கும் நீரில் அது கரையும். மனிதருக்குப் பெரிய கெடுதல் இல்லாத அளவே சிறு மீனின் செவுளுக்குப் போதும் என்று அறிந்தேன். இணைப்புகளில் இருந்திருக்கக்கூடிய ஈயத்தைப் பற்றிப் படித்த பிறகு, மனிதருக்குக் கெடுதல் இல்லை என்பதை, அதிலும் பச்சைக் குழந்தைக்கு, அவ்வளவு உறுதியாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இன்று மீன் வளர்க்கும் பிள்ளைகள் குழாய் நீரை ஒரு நாள் திறந்துவைத்துப் பிறகு ஊற்றுகிறார்கள். அது குளோரினுக்குச் சரி. உலோகம் அப்படிப் போகாது. நான்காவது சட்டி அதைத்தான் சொன்னது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும் என்பதைப் பெரிய பெரிய புத்தகங்கள் அத்தியாயம் அத்தியாயமாக விளக்குகின்றன. ஒவ்வொரு முறை படிக்கும்போதும் எனக்கு அந்தக் கரிப் புள்ளிகள்தான் கண்ணில் நிற்கின்றன.

வெள்ளிக்கிழமை பிற்பகல் அத்தை இரண்டு சட்டிகளையும் கூடையில் வைத்துச் சுமந்துகொண்டு பங்களாவுக்குப் போனாள். நானும் போனேன். பட்லர் பின்வாசலிலேயே மறித்தார்.

"செத்த மீனத் தூக்கிக்கினு எங்கம்மே வர்றே? இன்னா, கொழம்பு வெக்கப் போறியா?"

"உயிரு மீனும் கீது. ரெண்டையும் தொரைசானிக்குக் காட்டணும்."

சத்தம் கேட்டுத் துரைசானி வந்தார். சாப்பாட்டு அறையிலிருந்து கேப்டன் துரையும் வந்தார். அத்தை சொல்லச் சொல்லப் பட்லர் அதை இங்கிலீஷில் சொன்னார். எவ்வளவு சரியாகச் சொன்னாரோ தெரியாது. ஆனால் சட்டி மாற்றிய இடம் வந்ததும் துரை கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். குனிந்து, அத்தையை நேராகப் பார்த்து, விரலால் இரண்டு சட்டியையும் மாற்றி மாற்றிக் காட்டினார். அத்தை தலையசைத்தாள். அவர் வாய்விட்டுச் சிரித்தார். கேலிச் சிரிப்பல்ல. சுரங்கத்தில் நல்ல பொன் ரேகை கண்டவன் அப்படிச் சிரிப்பான் என்று அப்பா பல ஆண்டு கழித்துச் சொன்னார்.

உத்தரவு அங்கேயே பிறந்தது. பங்களாவில் இனிக் காலையில் பத்து வாளித் தண்ணீர் தோட்டத்துக்கு ஓடிய பிறகே குடிக்கவும் மீனுக்கும் பிடிக்க வேண்டும். அத்தைக்கு வேலை உண்டு. ஆனால் துரை முகம் மாறி இன்னும் ஏதோ நீளமாகச் சொன்னார். பட்லர் முதல் முறையாகத் தன் வார்த்தை கலக்காமல் மெல்லச் சொன்னார்.

"லைன்ல இதப்பத்திப் பேசக் கூடாதாம். கொழாத் தண்ணி கெட்டதுன்னு ஒரு வார்த்த கெளம்புனா, ஜனம் பழைய கெணத்துக்குப் போயிடும். அங்க வாந்திபேதி கீது. அப்பறம் பாடை கட்டி மாளாதுன்றாரு. நீ பேசுனது தெரிஞ்சா சனிக்கெழம மீனு பொழைச்சாலும் உனுக்கு வேலையில்ல."

அத்தை கூடையைத் தூக்கவில்லை. "லைன்லயும் கொஞ்சம் ஓட வுட்டுப் புடிக்கச் சொல்லுங்க. காரணம் சொல்ல வாணாம்."

பட்லர் கேட்டார். துரை யோசித்துத் தலையை ஆட்டினார். ஓடவிடச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று கேட்டால் கதை கிளம்பும். அவர் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது. முந்தைய மழைக்காலத்தில் எங்கள் வரிசையிலேயே கிணற்றுத் தண்ணீர் ஒரு வீட்டைக் காலி செய்திருந்தது. வீட்டு வாசலில் அத்தை என் வாயில் ஒரு விரலை வைத்து அழுத்தினாள்.

சனிக்கிழமை ரயிலில் மீன்கள் வந்தன. பௌரிங்பேட்டையில் வண்டி மாறி வந்ததில் பாதித் தண்ணீர் சிந்தியிருந்தது. இன்று பங்காருபேட்டை என்று நாம் சொல்லும் அதே ஊர்தான். நான்கும் புதுத் தண்ணீரில் இறங்கி, சங்கைச் சுற்றிவந்து, வாலை விரித்தன. ஈஸ்டர் வரை தினமும் எண்ணினேன்; நான்குக்குக் குறையவில்லை. அத்தையைப் பற்றிப் பங்களாவில் நல்ல பேச்சு.

ஆனால் அதே சனிக்கிழமை விடியலில் லைனில் நடந்தது வேறு. எழுந்து பார்த்தபோது அத்தை பாயில் இல்லை. குழாயடிக்கு ஓடினேன். இன்னும் இருட்டு பிரியவில்லை. குழாய் திறக்கும் நேரம். வரிசையின் தலையில், எதிர்வீட்டுக் குடத்துக்கு முன்னால், எங்கள் குடம் இருந்தது. அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு அத்தை நின்றாள்.

"இன்னாக்கா இது? மொத கொடம் புள்ள பெத்த ஊட்டுக்குன்னு தெரியாதா?"

"பங்களாவுல பேரு வாங்கிட்டா இல்ல, இனிமே எல்லாத்துலயும் மொதல்லதான் நிப்பா."

"மொதல்ல வந்தேன், மொதல்ல புடிக்கிறேன்" என்றாள் அத்தை. அவள் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

பிள்ளைக்காரி கடைசியில்தான் பேசினாள். "அரைக் கொடம் கேட்டப்போ குடுத்தேனேக்கா. எம் புள்ள தண்ணி மேலயா உனுக்குக் கண்ணு?"

அத்தை குழாயைத் திருகினாள். குழாய் இருமியது. பித்தளை வாயிலிருந்து வெள்ளைத் தண்ணீர் பொங்கி எங்கள் குடத்தை நிரப்பியது. அது பெரிய குடம். கல்யாணத்துக்கு மட்டும் எடுப்பது. அது நிறைந்து வழிந்தும் உடனே நகர்த்தவில்லை. கையை நனைத்து முகம் கழுவினாள், காலைக் கழுவினாள், வேண்டுமென்றே நேரம் கடத்தினாள். வசவு இன்னும் ஏறியது. பிறகு குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு யாரையும் பார்க்காமல் நடந்தாள். "வயித்தெரிச்சல் புடிச்சவ" என்று யாரோ முதுகில் எறிந்தார்கள். அடுத்ததாகப் பிள்ளைக்காரியின் குடம் குழாயடிக்கு நகர்ந்தது.

அன்று தொடங்கி அந்த வைகாசி வரை தினமும் இதுதான். பிள்ளைக்காரி எங்கள் வீட்டுப் பக்கம் திரும்புவதை நிறுத்திவிட்டாள். அப்பாவே ஒருநாள் அத்தையிடம், "மீன் பொழைச்சதுல ஒனக்குத் தலக்கனம் ஏறிடுச்சி" என்றார். துரைக்குக் கொடுத்த வார்த்தை அப்பாவுக்கும் சேர்த்துத்தான் என்று அத்தை வைத்துக்கொண்டாள்.

முதல் நாள் அவள் பின்னாலேயே போனேன். வீட்டுக்குள் போகாமல் லைனின் பின்புறம் சுற்றி, கல்லுமேட்டுச் சரிவில் இறங்கினாள். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குடத்தைக் கவிழ்த்தாள். காய்ந்த கற்கள் தண்ணீரைச் சத்தமில்லாமல் குடித்தன. என்னைக் கண்டதும் கோபிக்கவில்லை. புடவைத் தலைப்பால் குடத்தின் உட்புறத்தைத் துடைத்தாள். பிறகு வெறுங்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு குழாயடிக்குத் திரும்பி, ஒரு முறைக்கு இருமுறை வந்துவிட்டாள் என்று சிரிப்பவர்களுக்கு நடுவே, வரிசையின் கடைசியில் போய் நின்றாள்.